கடைசி வரை கூட இருந்தவன்

எனக்கு வேட்டை பிடிக்காது. குளிரும் பிடிக்காது. குதிரையில் நெடுநேரம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். தலைவர் போகும்போதெல்லாம் கூடப் போனேன், அவ்வளவுதான். அங்கே என் வேலை தேநீர் போடுவது. மலை மேலே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் இலையின் சாரம் இறங்காது. பொறுமை வேண்டும். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதால் தலைவர் என் தேநீரைத்தான் குடிப்பார்.

நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது பொய்ச் சாட்சி சொன்னதற்காக. போன இலையுதிர் காலத்தில் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, ஜனாதிபதியாக இருந்த தலைவர் அன்று வேட்டைக்கே போகவில்லை என்று சொன்னேன். பொய்தான். மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது சின்ன விஷயம். பெய்ஷென் என்ற குதிரை மேய்ப்பவனைச் சுட்டு, சாகட்டும் என்று மலையிலேயே விட்டுவிட்டு வந்ததாகத் தலைவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். நேற்று அவரும் நீதிமன்றத்தில் எழுந்து ஆமாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் தீர்ப்பு. இனி உயிரோடு வெளியே வர மாட்டார் என்கிறார்கள்.

அவர் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நிதானமாகச் சொல்ல விடுங்கள். இடையில் கேள்வி கேட்டால் பழக்கதோஷத்தில் அரசியல்வாதி மாதிரி பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

கட்சியில் தலைவருக்கு அடுத்து நாங்கள் மூன்று பேர். ஜும்கால்பெக் பாராளுமன்றத்தின் அவைத் தலைவர். நூர்மாத் கட்சியின் பொதுச் செயலாளர். நான் பாராளுமன்றக் குழுத் தலைவன். யார் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உறுப்பினர்களிடம் சொல்பவன். பத்திரிகைக்காரர்கள் எங்களை அடுப்புக் கல் என்று கேலி செய்வார்கள். தலைவர் கொப்பரை, நாங்கள் அதைத் தாங்கும் மூன்று கல். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. கல் என்றால் குறைந்தபட்சம் அசையாது.

பெய்ஷென் செத்த ஆண்டின் வசந்தத்தில்தான் மலையாடுகளை யாரும் வேட்டையாடக் கூடாது என்று தலைவர் சட்டம் போட்டார். ஒரு குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். எங்கள் கட்சிக் கொடியில் இருப்பதும் மலையாட்டுக் கொம்புதான். ஆனால் அவருக்கு வேட்டை இல்லாமல் மூச்சு விட முடியாது. நாங்கள் வேட்டைக்குப் போன நாளுக்கு மறுநாள், அவர் பதவிக் காலத்தை நீட்டிக்கும் சட்டத் திருத்தத்தின் மேல் வாக்கெடுப்பு. அவருக்குப் பதற்றம். “ஒரு நாள், ஒரே ஒரு கிடா. போயிட்டு வந்துடலாம்” என்றார். காவலர்களைக் கீழ் முகாமிலேயே விட்டுவிட்டு, சின்ன ஹெலிகாப்டரில் நாங்கள் நால்வரும் விமானியும் மட்டும் மேலே போனோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வது எங்கள் வேலை இல்லை.

காலையிலேயே ஒரு கிடா விழுந்தது. நல்ல கொம்பு. தோலை உரித்து முடிக்கும்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்துவது கேட்டது. “ஷிரால்கா.”

நீங்கள் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். உங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். வேட்டைக்காரனை வழியில் காண்பவன் இந்தச் சொல்லைச் சொன்னால் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். முன்பின் தெரியாதவனானாலும் சரி, பகையாளியானாலும் சரி. இல்லை என்று சொல்பவனின் துப்பாக்கிக்கு அப்புறம் எதுவும் விழாது.

நூர்மாத் பல்லைக் கடித்தான். “எவன்டா இவன்? தொரத்தி விடுங்க. மூஞ்சியப் பாத்துடப் போறான்.”

“வாய மூடு” என்றார் தலைவர். “பங்கு கேட்டு வர்றவன தொரத்திட்டு நான் என்ன மனுஷன்?”

என்னைப் பார்த்தார். நான் என் கல்பாக் தொப்பியைக் கழற்றி, வா என்று அசைத்துக் காட்டினேன். அவனைக் கூப்பிட்டது நான்தான்.

பெய்ஷென் குள்ளம், அகலமான தோள், முன்பல் ஒன்று இல்லை. குதிரையை விட்டு இறங்கும்போதே கிடாவின் தொடையைப் பார்த்துக்கொண்டே இறங்கினான். பிறகுதான் முகங்களைப் பார்த்தான்.

“அட, டிவியில வர்றவருல்ல?” தொப்பியை நேராக்கிக்கொண்டான். “தலைவரே, வேட்டையாடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான?”

“அதான் வேற யாரும் ஆடலையே” என்றார் தலைவர்.

“அப்ப எனக்கு ரெண்டு பங்கு. ஒண்ணு ஷிரால்காவுக்கு. இன்னொண்ணு நான் வாய மூடிட்டு இருக்கறதுக்கு.”

எல்லோரும் சிரித்தோம். தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இவன் இன்று மாலையே இதை யாரிடமாவது சொல்லுவான் என்று எனக்குள் குறித்துக்கொண்டேன். சில பேரைப் பார்த்தாலே தெரியும்.

கறி எங்களுக்கு வேண்டியிருந்தது. மறுநாள் வாக்களிக்கப்போகும் உறுப்பினர்களுக்கு அன்று விருந்து. ஆகவே தோலையும் தலையையும் கொடுக்கலாம் என்று சொன்னேன். தலைவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது, முன்னங்கால் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். பெய்ஷென் கால்கறியைச் சேணப்பையில் போட்டான். காற்று அடித்துக்கொண்டிருந்ததால் தோலை முதுகில் போர்த்திக்கொண்டான். தலை தோலிலிருந்து பிரியாமல் இருந்தது. அதைப் பின்கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டான். சரிவு செங்குத்து என்பதால் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினான். போகும்போது ஒரு பாட்டு வேறு.

நாங்கள் வோட்கா திறந்தோம். வெற்றிக்கு ஒரு சுற்று, வாக்கெடுப்புக்கு ஒரு சுற்று. இன்னும் சில சுற்றுகள். பெய்ஷென் போன பாதை மலையைச் சுற்றி, எங்களுக்கு எதிர்ப்பக்கப் பாறைகளுக்குப் பின்னால் மறுபடி மேலே வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது. நூர்மாத் கை நீட்டினான். “தலைவரே, அங்க பாருங்க. இன்னொண்ணு.”

பாறைகளுக்கு நடுவே கொம்பும் தோலும் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

தலைவர் நன்றாகச் சுடுவார். குடித்திருந்ததால் கொஞ்சம் கீழே பட்டது.

முதலில் ஓடியவர் அவர்தான். அந்த உடம்போடு, அந்த வயதில், கற்களில் விழுந்து எழுந்து ஓடினார். நாங்கள் போய்ச் சேரும்போது மண்டியிட்டு, தன் பெல்ட்டைக் கழற்றி பெய்ஷெனின் தொடைக்கு மேலே இறுக்கிக்கொண்டிருந்தார். அரசியலுக்கு வருமுன் அவர் கால்நடை மருத்துவர். ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கி, இரத்தத்தை நிறுத்திவிட்டார். குதிரை வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கீழே ஓடிப்போயிருந்தது.

பெய்ஷெனின் முகம் தயிர் மாதிரி வெளுத்திருந்தது. ஆனாலும் பேசினான். “குடுத்த பங்க திருப்பி வாங்கணும்னா வாயால கேட்டிருக்கலாமே தலைவரே.”

தலைவர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். “ஏத்துங்கடா இவன. ஹெலிகாப்டர்ல ஏத்துங்க.”

இந்த இடத்தை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றச் சொன்னவர் அவர்.

நாங்கள் மூவரும் ஒரு பாறைக்குப் பின்னால் போனோம். ஜும்கால்பெக் மெதுவாகப் பேசினார். அவையில் பேசுவதும் அப்படித்தான். “மாவட்ட ஆஸ்பத்திரியில குண்டுக் காயத்த மறைக்க முடியாது. டாக்டர் வாய மூடுனாலும் தரை துடைக்கிறவ வாய மூடமாட்டா. தடை போட்டவரே வேட்டைக்குப் போயி, அதுலயும் ஒரு மனுஷனச் சுட்டிருக்காரு. நாளைக்கு வாக்கெடுப்பு இல்ல. நாளான்னைக்கு ஆட்சி இல்ல.”

“அப்ப?” என்றான் நூர்மாத்.

“எசென்குல் பாத்துக்குவான்” என்றார் ஜும்கால்பெக்.

எசென்குல் என்பது நான். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எங்கள் கட்சியில் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் எடுக்கப்படும். இப்போது ஜும்கால்பெக் புதிய ஜனாதிபதியின் பக்கம் போய், தலைவர் வேண்டுமென்றே சுட்டார், விட்டுவிட்டு வரச் சொன்னதும் அவர்தான் என்று உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். நூர்மாத் எந்த நாட்டில் இருக்கிறான் என்று அவன் மனைவிக்கே தெரியாது. தலைவர் பதவி இழந்த அன்றே இருவரும் தங்கள் அறைகளிலிருந்து அவர் படத்தை இறக்கிவிட்டார்கள். என் வீட்டில் இன்றும் இருக்கிறது. உங்கள் ஆட்கள் சோதனைக்கு வந்தபோது பார்த்திருப்பார்கள்.

நான் தலைவரிடம் போனேன். காற்று மெலிந்திருக்கிறது, இத்தனை பாரத்தை ஹெலிகாப்டர் தூக்காது என்றேன். அவனைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், ஸ்ட்ரெச்சர் இல்லை என்றேன். நீங்கள் மூவரும் முதலில் இறங்குங்கள், உங்கள் சொந்த டாக்டரை ஏற்றி அனுப்புங்கள், மாவட்ட ஆஸ்பத்திரியில் காலை வெட்டிவிடுவார்கள், உங்கள் டாக்டர் காப்பாற்றுவார் என்றேன். எல்லாம் கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நூர்மாத்தும் ஜும்கால்பெக்கும் என்னோடு நின்றிருந்தால் அவனைப் படுக்க வைக்க இடம் இருந்திருக்கும். அது எங்கள் மூவருக்கும் தெரியும். அழுதுகொண்டிருந்ததால் தலைவருக்குத் தோன்றவில்லை.

அவர் பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து என் கையில் வைத்தார். “சத்தியம் பண்ணு. இவன நல்லபடியா கொண்டுவந்து சேக்கணும்.”

“சேக்கறேன் தலைவரே.”

“ரொட்டி மேல.”

“ரொட்டி மேல.” தின்றேன். பொய்ச் சத்தியம் செய்தவனை ரொட்டி அடித்துவிடும் என்பார்கள். என்னை எதுவும் செய்யவில்லை. இன்றைக்கும் நன்றாகவே செரிக்கிறது.

அவர்கள் போனார்கள். நான் கல்லை அடுக்கிக் காற்றை மறைத்தேன், நெருப்பு மூட்டினேன், தேநீர் போட்டேன். பெய்ஷென் தலைக்குக் கீழே அந்தக் கிடாத் தோலையே மடித்து வைத்தேன். கப்பை அவன் வாயில் நானே பிடித்தேன்.

“அண்ணே, தேநீர் நல்லாருக்கு. எங்க வீட்டுக்காரி போடறது சாணித் தண்ணி மாதிரி இருக்கும்” என்றான். “இத அவகிட்ட சொல்லிடாதீங்க.”

சாட்டிலைட் போன் அடித்தது. தலைவர். “டாக்டரு ஏறியாச்சு. இதோ கிளம்புது. எப்படி இருக்கான்?”

நான் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனேன். திரும்பிப் பார்த்தேன். பெய்ஷென் என்ன சேதி என்று கண்ணால் கேட்டான். நான் சரி என்பது போலத் தலையசைத்தேன்.

“வேணாம் தலைவரே. போயிட்டான்” என்றேன்.

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, “வலிச்சுதா?”

“இல்ல. தூங்கற மாதிரி.”

வானிலை மோசமாகிறது, ஹெலிகாப்டர் வேண்டாம், கீழே போய்க் குதிரை கொண்டுவந்து உடலை இறக்கிக்கொள்கிறேன் என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவருக்கு நான் சொன்ன ஒரே பொய் இந்தப் போனில் சொன்னதுதான். மற்றபடி அவருக்கு ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“எப்ப வருதாம்ணே?”

“கிளம்பிட்டாங்க.”

உங்களுக்குப் புரிகிறதா தெரியவில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவன் செத்துப் போனவன். தலைவருக்கும் டாக்டருக்கும் நகரத்துக்கும் செத்துப் போனவன். எனக்கு மட்டும் அவன் படுத்தபடி தேநீர் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தானாகவே போய்விடுவான் என்று நினைத்தேன். காயம் பெரியது, குளிர் வேறு. ஆனால் தலைவர் கட்டிய கட்டு நல்ல கட்டு. சொட்டுக்கூட வரவில்லை.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். பேசாவிட்டால் பயமாக இருந்திருக்கும். ஒரு பெண் குதிரை சினையாக இருக்கிறது, நல்ல சாதி. மூத்த மகள் நகரத்தில் தையல் கம்பெனியில் இருக்கிறாள், முதலாளி சரியில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணே, இத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். குதிர தள்ளிடுச்சுன்னு சொல்லிக்கிறேன். தலைவர் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. எங்க பொண்ணுக்கு மட்டும் ஒரு நல்ல வேல…” என்றான்.

“பண்ணிடலாம்” என்றேன்.

அவன் சொன்னதை நம்பினேன். சொல்லும்போது அவன் மனதில் கள்ளமில்லை. ஆனால் குண்டு வாங்கிய ஷிரால்காக் கதையை வாழ்நாள் முழுவதும் சொல்லாமல் வைத்திருக்க அவனால் முடியுமா? முதல் திருமண விருந்தில், இரண்டாவது கிண்ணம் புளித்த குதிரைப்பால் உள்ளே போனதும் சொல்லிவிடுவான். அதுவும் நன்றாகச் சொல்லுவான்.

“கால் மரத்துப் போச்சுண்ணே. இந்த பெல்ட்ட கொஞ்சம் தளத்திவிடுங்க.”

“கூடாது. இரத்தம் வந்துடும்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். கூடாது என்று மறுபடியும் சொன்னேன். இரண்டு தடவை மறுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெயில் சாயத் தொடங்கியபோது கீழே சரிவில் ஒரு புள்ளி தெரிந்தது. குதிரை. மேலே பெண். குதிரை ஆளில்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறது, சேணப்பையில் கறியோடு. அவன் மனைவி சூராகான் அதே குதிரையில் ஏறிக் கிளம்பிவிட்டாள். அவள் மேலே வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் வந்துவிடுவாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவசரப்படாமல், குதிரையை மூச்சு வாங்க விட்டு விட்டு ஏற்றினாள். அப்படி வருகிறவர்கள் பாதியில் திரும்ப மாட்டார்கள்.

பெய்ஷென் படுத்திருந்த இடத்திலிருந்து அவளைப் பார்க்க முடியாது.

“அண்ணே” என்றான். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் தளத்துங்க. வலி தாங்கல.”

தளர்த்தினேன்.

அவன் கேட்டதைத்தான் செய்தேன். குச்சியைத் திருப்பினேன், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு குச்சியை எடுத்து நெருப்பில் போட்டேன்.

“அப்பாடா” என்றான். “இப்பதான் சுகமா இருக்கு. ஆண்டவன் உங்கள நல்லா வெக்கட்டும்.”

முகத்தை வானத்தின் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். சிறிது நேரத்தில், தொடைக்குக் கீழே சூடாக இருப்பதை உணர்ந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவ்வளவு பேசியவன், அப்போது ஒன்றும் பேசவில்லை. கையை மெதுவாகப் பெல்ட்டை நோக்கிக் கொண்டுபோனான்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றொரு கையையும் பிடித்துக்கொண்டேன். அவன் உடம்பில் பெரிய பலம் மிச்சமில்லை. எனக்கு அதிகம் சிரமம் இருக்கவில்லை.

மூச்சு அடங்கிய பிறகு பெல்ட்டைக் கழற்றி என் பையில் வைத்தேன். கண்களை மூடினேன். தாடையைத் துணியால் கட்டினேன். பிறகு எழுந்து, இடுப்பில் கை வைத்து, முன்னால் குனிந்து, ஆண்கள் சாவு வீட்டுக்குப் போகும்போது அலறுகிற மாதிரி அலறினேன். என் தம்பி போயிட்டானே, என் மலை சாஞ்சு போச்சே என்று. முறைப்படி அலறினேன். சரிவில் சூராகான் குதிரையை நிறுத்திவிட்டாள். என் சத்தம் கேட்டதும்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் என்னைத் தேற்றினாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. புருஷன் கிடக்கிறான், அவள் என் தோளைப் பிடித்து, “அழாதீங்க அண்ணே. அவர் தனியாச் சாகல. நீங்க கைய விடாம கடைசி வரைக்கும் கூட இருந்திருக்கீங்க” என்றாள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று யோசித்தேன். அவன் மணிக்கட்டுகளில் என் விரல் பதிந்திருந்தது.

வேட்டைத் திருடர்கள் யாரோ சுட்டுவிட்டார்கள், நான் மலைப் பாதையைப் பார்வையிட வந்த இடத்தில் அவனைக் கண்டேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். சடங்கு முடிந்ததும், இறந்தவனுக்குப் பணிவிடை செய்தவர்களுக்குக் கொடுக்கும் முறைப்படி, அவனுடைய புது மேலங்கியை எனக்குக் கொடுத்தாள். வாங்காமல் இருப்பது அவமரியாதை. வாங்கிக்கொண்டேன். என் தோளுக்குச் சரியாக இருந்தது.

வாக்கெடுப்பில் ஜெயித்தோம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சேணப்பையில் இருந்த கிடாக் கால், அவன் தலைக்குக் கீழே இருந்த தோல், எங்கள் ஹெலிகாப்டரைப் பார்த்த வேறு மேய்ப்பர்கள். சூராகான் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். தலைநகருக்கு வந்து சதுக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் அவள் மட்டும். பிறகு சதுக்கமே நிரம்பியது.

தலைவர் எங்களைக் கூப்பிட்டார். “நான் சொல்லிடறேன்” என்றார். “தெரியாம சுட்டேன்னு சொல்லிடறேன். மக்கள் மன்னிப்பாங்க, மன்னிக்காமப் போவாங்க. என்னால தூங்க முடியல எசென்குல்.”

ஜும்கால்பெக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நூர்மாத் நகத்தைக் கடித்தான். நான்தான் பேசினேன். “நீங்க உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல தலைவரே. நீங்க விழுந்தா நாங்க எல்லாரும் விழுவோம். எங்களுக்காகவாவது பொறுத்துக்குங்க.” அவர் உண்மையைச் சொல்லியிருந்தால், எங்கே சுட்டீர்கள், எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டிருப்பார்கள். உடலைத் தோண்டியிருப்பார்கள். அந்தக் கட்டோடு அவன் மறுநாள் வரை இருந்திருப்பான் என்று ஏதாவது ஒரு மருத்துவர் சொல்லியிருப்பார். இதை அப்போது நான் நினைத்தேனா? நினைத்தேன். ஆனால் தலைவருக்காகத்தான் பேசினேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

மூவரும் தொலைக்காட்சியில் வரிசையாக உட்கார்ந்து, ஜனாதிபதி அன்று முழுவதும் அலுவலகத்தில் இருந்தார் என்றோம். ஜும்கால்பெக் அழுதுகூடக் காட்டினார். பாராளுமன்றத்தில் நான் சூராகானை எதிர்க்கட்சியிடம் காசு வாங்கியவள் என்று சொன்னேன். அவள் பார்வையாளர் மாடத்தில் இருந்தாள். நான் முடிக்கும் வரை கேட்டுவிட்டு எழுந்து போனாள். அந்தச் சதுக்கத்துக் கூட்டத்துக்கு முன்னால் தலைவரின் ஆட்சி நிற்கவில்லை.

நேற்றைக்கு வருகிறேன்.

தலைவர் கூண்டில் எழுந்து நின்றார். மெலிந்துவிட்டார். ஜும்கால்பெக்கின் வாக்குமூலத்தை வாசித்தார்கள், அவர் அதை மறுக்கவில்லை. “என் குண்டு. என் பாவம். வேற யாரையும் இதுல இழுக்காதீங்க” என்றார். பிறகு என்னைத் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். “எசென்குல்னு ஒருத்தன் அங்க உக்காந்திருக்கான். அவன ஒண்ணும் பண்ணாதீங்க. நாங்கள்லாம் ஓடிவந்துட்டோம். அவன் ஒருத்தன்தான் அந்த மனுஷன் சாகற வரைக்கும் கைய விடாம கூட இருந்தான்.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன் வரிசையில் இருந்த சூராகானும் திரும்பினாள். என்னை அவள் வெறுக்கிறாள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் சொன்னது உண்மை என்பதால் ஆமாம் என்று தலையசைத்தாள்.

நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காதும் எரிந்தன. எழுந்து நீதிமன்றக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆட்கள் எல்லாம் போகும்வரை அங்கேயே இருந்தேன். எத்தனையோ மேடையில் பாராட்டு வாங்கியிருக்கிறேன். பாராட்டு இப்படித் தோலை உரிக்கும் என்று தெரியாது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். பேசாமல் இருந்திருப்பேன், எல்லோரும் பேசாமல்தான் இருக்கிறார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். குதிரை மேய்ப்பவன் பெய்ஷெனைக் கொன்றது எசென்குல் என்ற நான். ஜனாதிபதி சுட்ட குண்டில் அவன் சாகவில்லை. ஜனாதிபதி கட்டிய கட்டை நான் அவிழ்த்தேன், மறுபடி கட்ட முயன்ற கையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் எனக்கு உத்தரவிடவில்லை. பெல்ட் என் வீட்டில் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன், தலைவருடையது என்பதால் தூக்கி எறிய மனம் வரவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

வெளியே நடைவழியில் சூராகான் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே வரும்போது பார்த்தேன். இதை அவளிடம் யார் சொல்வது என்று கேட்கிறீர்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நன்றாக இருக்காது. ஆனால் முதலில் சிறைக்குப் போய்த் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, நானாகவே வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கு வந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடலாம். அவள் காத்திருப்பாள்.